யாரும் வைக்காத கட்டை

காலை பத்து நாற்பது. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் அன்றைக்கு முப்பத்தெட்டு வழக்குகள். பதினேழாவது வரியில் கோதண்டம் என்ற பெயர். எமரன்சியா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல நகர்ந்து, லேபர் கோர்ட் வராந்தாவில் சுவரோரம் கிடந்த பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அம்பத்தூர் பிரஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் டைப்பிஸ்ட்டாகவும் ஸ்டெனோவாகவும் இருந்து, ரிட்டையராகி இரண்டு வருஷம் ஆகிறது. கோதண்டம் அந்தக் கம்பெனியில் மெஷின் ஓட்டியவன். வலது கையில் மூன்று விரல்களை பவர் பிரஸ்ஸில் விட்டுவிட்டு, அதற்கு இரண்டு மாதம் கழித்து வேலையையும் விட்டவன். விட்டவன் என்பது சரியில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். பார், அந்தப் 'பட்ட' மறுபடியும் வந்துவிட்டது. நீக்கப்பட்டவன் என்றால் யார் நீக்கியது? கம்பெனி நீக்கியது. எதை வைத்துக்கொண்டு? உள்விசாரணையில் எழுதிய நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு. அந்த நாலு பக்கத்தை எழுதியது? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனம், படியில் பாம்பைப் பார்த்த கால் மாதிரி, தானாகப் பின்வாங்கி வேறு எதையாவது மிதித்துவிடும். இப்போது அது எதிர்ச்சுவரில் இருந்த போர்டை மிதித்தது. கைபேசிகள் அணைத்து வைக்கப்பட வேண்டும். குடைகள் உள்ளே கொண்டுவரப்படக் கூடாது. கீழே அதுவே இங்கிலீஷில், மஸ்ட் பி, ஷல் நாட் பி. நல்ல போர்டு. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, யார் சொல்வதென்றும் இல்லை. குடை வைத்திருப்பவன்கூட அதை வாசித்துவிட்டு, வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்று குடையோடு உள்ளே போகலாம். ஒருவன் போனான்.

கம்பெனி வக்கீல் நேற்று போனில் சொல்லிவிட்டார். சின்னப் பையன், குரலில் இன்னும் காலேஜ் இருந்தது. "ஒரே கேள்விதான் மேடம். தொழிலாளி சொன்னது சொன்னபடி எழுதப்பட்டதான்னு கேப்பேன். ஆமான்னு சொல்லிட்டு இறங்கிடுங்க. பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்." எழுதப்பட்டதா. ஆமாம், எழுதப்பட்டது. இதில் பொய் ஒன்றுமில்லை என்று ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவன் பேசினான், அவள் பென்சில் ஓடியது, தாள் நிரம்பியது. அந்த ஆமாம் மட்டும் போதும், கோதண்டத்தின் வழக்கு அதோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வக்கீலுக்கும் தெரியும். கோதண்டத்துக்குத்தான் தெரியாது. அவன் வேறொன்று நினைத்துக்கொண்டிருப்பான். அதை யோசிக்காமல் இருக்கத்தான் பஸ்ஸில் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். பஸ் முழுக்கவும் அதே பாஷை. கண்ணாடியில், சரியான சில்லறை கொடுக்கப்பட வேண்டும். போனில் பாங்க் மெசேஜ், உங்கள் விவரம் புதுப்பிக்கப்படாவிட்டால் கணக்கு முடக்கப்படலாம். ஃபிளாட் குரூப்பில் செகரெட்டரி இங்கிலீஷில், மோட்டார் இனிமேல் சாயங்காலம் ஓட்டப்படக் கூடாது என்று. அவருக்கு மூன்றாம் மாடி ஜெயசீலியைத்தான் சொல்ல வேண்டும். ஜெயசீலி கட்டைவிரல் காட்டி பதில் போட்டிருந்தாள். இங்கிலீஷ் என்பது இப்படித்தான் நம் ஊரில் நடமாடுகிறது. பெரிய பெரிய புத்தகத்தில் இருப்பதெல்லாம் அதன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. வாரநாளில் அது போட்டுக்கொள்வது, செய்யப்படலாம், செய்யப்பட வேண்டும், செய்யப்பட்டிருக்கலாம். மே பி, மஸ்ட் பி, குட் ஹாவ் பீன். ஆள் இல்லாத சட்டை. ஆணியில் தொங்கும், கை மட்டும் ஆடும்.

அந்தச் சட்டையைத் தைப்பதில் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே அவளுக்கு நிகர் கிடையாது என்று ஒரு காலத்தில் பெயர். மேனேஜர் நீலமேகம் தமிழில் கத்துவார். "அந்த ராஸ்கல் நாலு நாளா வரலை, இன்னொரு தரம் இப்படி செஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு எழுதும்மா." அவள் அடித்துக்கொண்டு வருவாள். வருகையின்மை கவனிக்கப்பட்டுள்ளது, தகுந்த நடவடிக்கை எடுக்கப்படலாம். நீலமேகம் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். "எமரன்சியா டிராஃப்ட் முள் எடுத்த மீன்யா. குழந்தைக்கும் ஊட்டலாம்." தூத்துக்குடிக்காரிக்கு மீனை வைத்துப் புகழ்ச்சி சொன்னால் விழாமல் இருக்க முடியுமா? அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவரிடம் சொன்னாள். செல்வின் சிரித்தார். "முள்ளை எடுத்து எங்க போடுவ?" என்றார். அப்போது அது வேடிக்கை. செல்வின் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் அதே கை எழுதியதுபோல ஒரு வரி இருந்தது. எல்லா முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டும் காப்பாற்றப்பட முடியவில்லை. யார் மேற்கொண்ட முயற்சி, ராத்திரி டியூட்டி டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்று மகன் குதித்தபோது அவள்தான் அடக்கினாள். விடு என்றாள். அந்த வரி அவளுக்கு ஆறுதலாக இருந்தது. யாருடைய முகமும் அதில் இல்லை. நாற்பது நாள் அழுவதற்கு அது மெத்தை மாதிரி கிடந்தது. ஆகையால் அந்த மாதிரி வாக்கியமே பாவம் என்று யாராவது சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். சில சாவுகளுக்கு ஆள் தேடக் கூடாது. ஆனால் விரலுக்கு? ஆனால் மூன்று விரலுக்கு?

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? முட்டி மடங்கல."

ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைத் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். திருத்தணியிலிருந்து முதல் ரயிலில் வந்ததாகவும், வந்தவுடன் வீட்டுக்காரர் டீ வாங்கப் போனதாகவும், போனவர் டீத்தூள் பயிர்வைக்கப் போய்விட்டாரோ என்னவோ என்றும் சொன்னாள். எமரன்சியா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் திருத்தணி என்ற சொல் உள்ளே போய் விழுந்தது. கோதண்டம் திருத்தணிக்காரன். வார இறுதியில் ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை கொய்யாப்பழம் கொண்டுவருவான். ஆபீஸ் மாடிக்கு ஏறி வந்து, "டைப்பிஸ்ட் அம்மாவுக்கு" என்று மேசை ஓரத்தில் நாலு வைத்துவிட்டுப் போவான், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து. திருத்தணியில் எத்தனையோ பேர் இருப்பார்கள். முப்பத்தெட்டு வழக்கு இருக்கிறது. ரயில் முழுக்கத் திருத்தணிக்காரர்கள் வந்திருப்பார்கள்.

"உங்களுக்கு என்ன கேஸுங்கம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"சாட்சி."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். "கூப்பிட்டிருக்காங்க" என்றாள். கூப்பிட்டிருக்காங்க. யாரோ. அந்தப் பெண் அதைக் கேட்கக் கூடாத ஏதோ துக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போல, பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினாள். "சாப்பிடுங்க. எங்க கொல்லைல காய்ச்சது." எமரன்சியாவின் கை நீண்டு வாங்கிக்கொண்டது. பழம் சில்லென்று இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் குழிந்தது. இனி சந்தேகமில்லை. கோதண்டத்தின் பெண்டாட்டி. பெயர் வேதவல்லி; பி.எஃப். நாமினேஷன் தாளில் அவளே அடித்த பெயர். வேதவல்லிக்கு அவளைத் தெரியாது. டீ வாங்கப் போனவனுக்குத் தெரியும். எழுந்து போய்விடலாம். கழிவறை எங்கே என்று கேட்கலாம். முட்டி வலி அவளுக்கும்தான். கொய்யாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது?

கோதண்டத்தின் மெஷினில் இருந்த அந்தக் கட்டை. சுண்டுவிரல் அளவு மரக்கட்டை, பேக்கிங் பெட்டிப் பலகையிலிருந்து சீவி எடுத்தது. பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு, இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் மேலிருந்து சுத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருப்பதால் கை உள்ளே மாட்டாது. அதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். நம் ஊரில், ஒரு பொத்தானை அமுக்கி அதன் விளிம்பில் கட்டையைச் செருகிவிட்டால் அது அமுங்கியே இருக்கும். ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகட்டை எடுத்துப்போட. மணிக்கு நானூறு அடிக்கிற மெஷின் அறுநூறு அடிக்கும். ஃபோர்மேன் சம்பந்தம் சட்டைப்பையில் பேனாவுக்குப் பின்னால் நாலைந்து கட்டைகள் வைத்திருப்பார், வெற்றிலைக்காரன் பாக்கு வைத்திருப்பதுபோல. ஷிஃப்ட் தொடங்கும்போது "கட்டை போட்டுக்கங்கடா" என்று மெஷின் மெஷினாகக் கொடுத்துக்கொண்டு போவார். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வார். எல்லோருக்கும் தெரியும். மாடியில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் தெரியும். பொத்தான்களில் எந்தப் பொருளும் செருகப்படக் கூடாது என்று இரண்டு பாஷையிலும் நோட்டீஸ் அடித்தது அவள். அதே நாள் மத்தியானம், மணிக்கு அறுநூறு எட்டப்பட வேண்டும் என்று டார்கெட் ஷீட் அடித்ததும் அவள். இரண்டையும் ஒரே கார்பன் வைத்து அடித்தாள். கார்பனில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டும் விழுந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். பிடித்துப் பார்க்கப்பட்டிருக்கலாம்.

2015 மே மாதம் விசாரணை. வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ரங்கபாஷ்யம், வயதான வக்கீல். நீலமேகம் இந்தப் பக்கம். கோதண்டம் அந்தப் பக்கம், கையில் கட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, கொடி பிடித்திருப்பவன் மாதிரி. வழக்கம் என்னவென்றால், பேசுவது தமிழில், பதிவது இங்கிலீஷில். அதிகாரி ஒவ்வொரு பதிலையும் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஸ்டெனோ எடுக்க வேண்டும். ரங்கபாஷ்யம் பத்து நிமிஷத்தில் சோர்ந்துவிட்டார். "நீங்களே நேரா எடுத்துக்கங்கம்மா. உங்க இங்கிலீஷ் என் இங்கிலீஷைவிட நல்லாருக்கு." அவளுக்கு முகம் மலர்ந்தது. அறுபது வயதில், கொலைக் குற்றத்தை நினைப்பதுபோல அந்த முகமலர்ச்சியை நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து காதில் தமிழ், கையில் இங்கிலீஷ் சுருக்கெழுத்து. நடுவில் எந்தத் தாளும் இல்லை. தமிழ் காற்றோடு போயிற்று. அவன் சொன்னது இன்றைக்கு உலகத்தில் எங்காவது இருக்கிறதென்றால் அவள் காதில் மட்டும்தான் இருக்கிறது. "கட்டையை சம்பந்தம் சார்தான் வச்சாரு. டை அச்சு லூஸா இருக்கு சார், வேணாம்னேன். பத்து மணிக்குள்ள லோடு போவணும், சாமியக் கும்பிட்டு அடிடான்னாரு." அவள் பென்சில் எழுதியது: ஒரு கட்டை செருகப்பட்டிருந்தது. அவ்வளவுதான். அடுத்தது நீலமேகம் கேட்டார்: "கட்டை இருக்கிறதப் பார்த்தேல்ல? எடுத்திருக்கலாமேப்பா?" கோதண்டம் சொன்னான்: "எடுத்திருக்கலாம் சார். எடுத்தா அவர் திரும்ப வைப்பாரு." அவள் எழுதினாள்: இட் குட் ஹாவ் பீன் ரிமூவ்ட். அகற்றப்பட்டிருக்க முடியும். முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளிக்கு அந்தப்பக்கம் ஒரு மனிதன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் வாக்கியம் அழகாக முடிந்துவிட்டது. அழகாக முடிந்ததை யார் கலைப்பார்கள்?

நீலமேகம் சொல்லித்தான் செய்தாள் என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இதைத்தான் நாலு வருஷமாகத் தேடுகிறாள். அவர் ஒரு கண்ஜாடை காட்டியிருக்கக் கூடாதா? மேசைக்கடியில் காலால் தட்டியிருக்கக் கூடாதா? சம்பந்தம் வந்து, "அம்மா, என் பேரைப் போட்டுடாதீங்க, எனக்கும் பிள்ளைக்குட்டி இருக்கு" என்று கெஞ்சியிருக்கக் கூடாதா? யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எதிர்பார்த்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கங்களை வாசித்தபோது நீலமேகத்துக்கே ஒரு நொடி ஆச்சரியம், அவளை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், நீயாகவா? நானாகத்தான். கை தானாகச் செய்தது. முப்பது வருஷம் முள்ளெடுத்த கை, மீனைப் பார்த்தால் முள்ளை எடுக்கும். கையைக் குற்றம் சொல்லலாமா? அவன் கையைத்தான் குற்றம் சொன்னார்கள். அவன் கைக்காவது வெளியிலிருந்து ஒருவர் கட்டை வைத்தார்.

கையெழுத்துப் போட்டான். பக்கத்துக்கு ஒன்றாக நாலு. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்த சமயம், தாள் நகர்ந்தது. எமரன்சியா குனிந்து இரண்டு பக்கமும் தாளைப் பிடித்துக்கொண்டாள். "கோ" எழுத ஒரு நிமிஷம் ஆனது. வாசித்துக் காட்டட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. யாரும் என்றால் ரங்கபாஷ்யம் கேட்கவில்லை, நீலமேகம் கேட்கவில்லை, தாளைப் பிடித்திருந்தவள் கேட்கவில்லை. கடைசிக் கையெழுத்து முடிந்ததும் அவன் அவளிடம், "தேங்க்ஸ்மா" என்றான். தாளைப் பிடித்ததற்கு.

"இங்கிலீஷ் வருங்களாம்மா உங்களுக்கு?" வேதவல்லி பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டிருந்தாள். "இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். எங்க வக்கீல் நல்ல மனுஷன்தான், ஆனா கேட்டா, எல்லாம் எங்கிட்ட விடும்மாங்கறாரு. எட்டாவது படிச்ச எங்க பையனக் கேட்டா, அம்மா இதுல ஆளே இல்லம்மாங்கறான். ஆளில்லாம எப்படிங்க விரல் போவும்?"

வேலைநீக்க உத்தரவு. இரண்டு பக்கம். இதையும் அவள்தான் அடித்தாள், கீழே இடது மூலையில் சின்ன எழுத்தில் அவள் பெயரின் முதலெழுத்து இருக்கும். உறை மடித்து மடித்து வெளுத்திருந்தது. எடுக்கும்போது அவள் கட்டைவிரல் அந்த மூலையை மறைத்தது, தெரியாமல் அல்ல. வாசித்தாள். தொழிலாளி தாமே ஒப்புக்கொண்டபடி, கட்டை அகற்றப்பட்டிருக்க முடியும், அது அகற்றப்படவில்லை. விபத்து தவிர்க்கப்பட்டிருக்கலாம். பாதுகாப்பு விதிகள் மீறப்பட்டிருக்கக் கூடாது. ஒரு தவறு இல்லை. கமா இருக்க வேண்டிய இடத்தில் கமா. தூத்துக்குடி கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதீன் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். சிஸ்டர் பெர்னதீன் ஏன் வருகிறார் இப்போது? ஏழாவது படிக்கும்போது, சிற்றாலயத்தில் குழந்தை இயேசு சொரூபத்தின் கண்ணாடிக் கூட்டை அவள்தான் உடைத்தாள். மல்லிகைப் பூவை உள்ளே வைக்கப்போய் முழங்கை பட்டது. சிஸ்டர் எல்லோரையும் நிற்கவைத்து, யார், இங்கிலீஷில் பதில் சொல்லுங்கள் என்றார். அவள் எழுந்து சொன்னாள்: இட் மைட் ஹாவ் பீன் புரோக்கன் பை த விண்ட், சிஸ்டர். காற்றினால் உடைக்கப்பட்டிருக்கலாம். வகுப்பில் யாருக்கும் அப்படி ஒரு வாக்கியம் வராது. சிஸ்டருக்குக் கோபம் மறந்தே போயிற்று. திரும்பச் சொல் என்றார். திரும்பச் சொன்னாள். மாதா படம் ஒன்று பரிசு கிடைத்தது, தங்க விளிம்பு வைத்தது. சாயங்காலம், ஜன்னலைச் சாத்தாமல் போனதற்காகக் கூட்டுகிற சவரியம்மாளை மணல் முற்றத்தில் வெயிலில் நிற்கவைத்தார்கள். காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டுமே. சவரியம்மாள் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். கீழே வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. மாதா படம் இன்னும் பைபிளுக்குள் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷமாகப் பக்கம் அடையாளத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறாள், அதை எடுத்துத்தான் தினமும் ஜெபிக்கிறாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"கட்டைய எடுத்திருக்கலாம்னு... எடுக்கலைன்னு."

"எங்க வீட்டுக்காரர் சொன்ன ஃபோர்மேன் இதுல எங்க? சம்பந்தம்னு பேரு. சானா எங்கியாவது இருக்கா பாருங்க."

பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டு பக்கத்தையும், பின்பக்கத்தையும்கூட. "இல்லம்மா."

"எங்காளு சொன்னாராம்மா விசாரணைல. சத்தியம் பண்றாரு. சொன்னேன்டி, எழுதினாங்கடி, என் கண்ணால பாத்தேன்டிங்கறாரு. நாலு வருஷமா எங்க வீட்ல இதான் சண்டை. நீ வாயத் தொறந்திருக்க மாட்ட, பெரிய மனுஷனுங்க முன்னாடி ஊமையா நின்னுருப்ப, இப்ப எங்கிட்ட கதை விடறன்னு நான் சொல்வேன். அவரு தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிடுவாரு." வேதவல்லி உறையை வாங்கி மடித்தாள். "நான் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு பாருங்க. சொல்லியிருந்தா எழுதாமயா இருப்பாங்க?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. விரல் போனது தெரியும், வேலை போனது தெரியும், ஏ.டி.எம். வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று யாரோ சொல்லித் தெரியும். இந்த மூன்றுக்கும் தன் பங்கு எவ்வளவு என்று நாலு வருஷமாகப் பங்குபோட்டு, சம்பந்தத்துக்கு இவ்வளவு, நீலமேகத்துக்கு இவ்வளவு, ரங்கபாஷ்யத்துக்குக் கொஞ்சம் என்று கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் ஒருவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவது அவள் கணக்கிலேயே வரவில்லை. அது முழுக்க அவளுடையது. சம்பந்தத்துக்கு அதில் ஒரு பருக்கைகூட இல்லை. சொல்ல வேண்டும். இப்போதே. அவர் சொன்னாரும்மா. ரெண்டு வார்த்தை, அவர் சொன்னாரு. வந்தது வேறு. "அது எழுதப்பட்டிருக்கணும்மா" என்றாள்.

வேதவல்லி திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க? புரியல."

"பேரு... பதிவு செய்யப்பட்டிருக்கணும்."

"யாரு பண்ணியிருக்கணும்?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம். பார்க்காமலே தெரிந்தது. மாடி ஆபீஸுக்குக் கொய்யா கொண்டுவரும்போதும் அவன் குதிகால் இப்படித்தான் இழுபடும். தலை நரைத்துவிட்டது. இடது கையில் இரண்டு டீ. வலது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில், நண்டு கவ்வியதுபோல, பன் பொட்டலம். அவன் நின்றான். ஒரு நொடி. முகம் விரிந்தது. அந்த விரிந்த முகத்தை அவள் சாகும்வரை மறக்க முடியாது.

"டைப்பிஸ்ட் அம்மா! நல்லாருக்கீங்களா? உங்க வீட்டு சார் தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன், வரணும்னு நெனச்சேன், கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டாங்களேன்னு விட்டுட்டேன்." அவன் தன் டீயை அவளிடம் நீட்டினான். "எடுத்துக்கங்க. சக்கரை கம்மி. உங்களுக்குக் கம்மிதானே?" பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, குரலில் நாலு வருஷத்து வெற்றியோடு, "ஏய், யாருன்னு நெனச்ச? இவங்கதான்டி எழுதினவங்க. நான் சொல்லச் சொல்ல பென்சில் நிக்கவே இல்ல. ஒரு வார்த்தை விடாம எழுதினாங்க. கேளு இவங்களையே. நான் சொன்னனா இல்லியான்னு கேளு."

வேதவல்லி எமரன்சியாவின் மடியில் இருந்த கொய்யாவைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. வாசலில் நிற்பவன் யார் என்று கதவிடுக்கில் பார்ப்பதுபோல ஒரு பார்வை. டீ சுட்டது. பேப்பர் கப் நெளிந்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றான், கூட வேலைபார்த்த ஒருவரைப் பார்த்த சிரிப்பு, அந்தச் சிரிப்பு எப்போது அணையும், அணைவதை நான் பார்ப்பேனா, பார்க்காமல் இருக்க எங்கே பார்ப்பது, சுவரில் குடைகள் கொண்டுவரப்படக் கூடாது, ஒரு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பது எவ்வளவு சுலபம், உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் முட்டி வலிக்கிறது.

"சொன்னாரும்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "சம்பந்தம் பேரைச் சொன்னாரு. வேணாம்னு சொன்னதையும் சொன்னாரு. நான்தான் எழுதல."

கோதண்டத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. சிரிப்பு அணையவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்சம் நேரம் கிடந்தது. "ஏம்மா?" என்றான்.

டவாலி போட்ட பியூன் கதவைத் திறந்து பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று கத்தினான். ஜட்ஜ் லீவு, எல்லாம் நவம்பர் பதினாலுக்குத் தள்ளிவைப்பு. கூட்டம் கலைந்து படியை நோக்கி நகர்ந்தது. வேதவல்லி எழுந்து, உறையைப் பைக்குள் போட்டு, புருஷன் கையிலிருந்து பன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "வாய்யா" என்றாள் அவனிடம், எமரன்சியா இதுவரை கேட்காத மெதுவான குரலில். "சொல்லித்தான் இருக்க நீ." இருவரும் போனார்கள். அவன் ஒருதரம் திரும்பினான். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் போகிறோமே என்று திரும்பியிருப்பான். வாக்கியம் நன்றாக இருந்தது கோதண்டம். வாக்கியம் நன்றாக இருந்தது. இதை எந்தப் பாஷையில் சொல்வது? டீயைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. பெஞ்ச் காலியாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, எமரன்சியா சாட்சிக் கூண்டில் ஒன்பது நிமிடம் நின்றாள். கம்பெனி வக்கீலின் ஒரே கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னாள். கோர்ட் தட்டச்சர் கொடுத்த தாளில், தொழிலாளி குறிப்பிட்ட ஒரு பெயர் பதிவிலிருந்து விடுபட்டிருக்கலாம் என்று இங்கிலீஷில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். தட்டச்சர் அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தார். இரண்டாவது தாளை அவள் தமிழில் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட்டாள். அதில் சம்பந்தம் என்ற பெயர் இரண்டு முறையும் எமரன்சியா என்ற பெயர் மூன்று முறையும் இருந்தன.